எலெக்ட்ரிக் கிட்டாரில் புது டோன் இனி வருமா?

அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். 17 வயது, கிட்டார் பைத்தியம். கிட்டாரை ஒரு சின்ன டப்பா வழியாக லேப்டாப்பில் சொருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அதில் வாசித்தது பத்து நிமிடம் இருக்கலாம். மீதி நேரமெல்லாம் ஆம்ப் மாற்றிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். திரையில் நூற்றுக்கணக்கில் பெயர்கள். ஒவ்வொன்றும் 1959, 1965, 1973 என்று ஏதோ ஒரு பழைய வருஷத்தையோ பழைய ரெக்கார்டையோ ஜாடையாகச் சொல்கிற பெயர்.

"மாமா, இதுல எதுவுமே புதுசு இல்லையே. எல்லாத்தையும் ஏற்கெனவே கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்றான்.

"டோன் கையிலதான்டா இருக்கு" என்று சொல்லிவைத்தேன். கிட்டார்காரர்கள் எல்லாரும் சொல்வதுதான். சொன்ன மறுநிமிடமே எனக்கே அது மழுப்பலாகப் பட்டது. கை 1951லும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அப்புறம் ஏன் 1990களின் தொடக்கம் வரை சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுச் சத்தம் ஒன்று வந்துகொண்டே இருந்தது, அதற்குப் பிறகு ஏன் அந்த வரத்து மெலிந்துபோனது? அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு வரையறை. கம்ப்யூட்டரில் கிட்டார் சத்தத்தைப் போட்டு அரைத்து, கிட்டார் என்றே தெரியாதபடி ஆக்கிவிடலாம். அது புதுச் சத்தம்தான், புது கிட்டார் டோன் என்று நான் கணக்கில் எடுக்கமாட்டேன். விரல் கம்பியில் என்ன செய்கிறது என்பது கேட்பவனுக்குத் தெரிய வேண்டும். மெதுவாகத் தட்டினால் ஒரு மாதிரி, அழுத்தி இழுத்தால் வேறு மாதிரி. அந்தத் தொடர்பு அறுந்துபோனால் அது சின்தசைசர் கணக்கில் போய்விடும். ஆக, கையும் கேட்க வேண்டும், பழைய எந்தக் குடும்பத்திலும் சேராததாகவும் இருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ரிப்பேர் கதைகள்

இந்த வரலாற்றைப் படித்தால் ஒரு எலெக்ட்ரீஷியனின் புகார் நோட்டு மாதிரி இருக்கும். 1951இல் மெம்ஃபிஸில் 'ராக்கெட் 88' பதிவு செய்ய வந்த குழுவின் ஆம்ப், வரும் வழியில் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. உள்ளே காகிதத்தை அடைத்து அப்படியே பதிவு செய்தார்கள். 1958இல் லிங்க் ரே தன் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டு 'ரம்பிள்' வாசித்தார். பாட்டு வரியே இல்லாத அந்த இசையைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறினார். 'யூ ரியலி காட் மீ' பதிவானபோது அவருக்கும் வயது 17தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நாஷ்வில் கதை. மார்ட்டி ராபின்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் 'டோன்ட் வொரி' என்று ஒரு சாதுவான பாட்டைப் பதிவு செய்கிறார். நடுவில் கிரேடி மார்ட்டின் 6 கம்பி பேஸ் கிட்டாரில் ஒரு சோலோ வாசிக்கிறார். அவர் கிட்டார் சொருகியிருந்த சேனலில் ஏதோ கோளாறு. அமைதியாகப் போய்க்கொண்டிருக்கிற பாட்டில் திடீரென்று குளவிக்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். திருப்பி வாசிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படியே 1961இல் வெளியிட்டார்கள், அது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். பதிவு செய்த எஞ்சினியர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறு என்ன என்று பார்த்து, அதையே வேண்டுமென்று உண்டாக்குகிற ஒரு டிரான்சிஸ்டர் சர்க்யூட்டைச் செய்தார். கிப்சன் கம்பெனி அதை வாங்கி 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்றது. கடையில் வாங்கக் கிடைத்த முதல் ஃபஸ் பெடல் அது. விளம்பரத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? கிட்டாரை டிரம்பெட், டியூபா, செல்லோ மாதிரி ஒலிக்க வைக்கலாம் என்று! தங்கள் கையில் இருப்பது புதுச் சத்தம் என்று விற்றவர்களுக்கே தெரியவில்லை. வேறு வாத்தியங்களுக்கு மலிவான மாற்று என்று நினைத்தார்கள். பெடல் விற்காமல் கிடந்தது.

1965இல் கீத் ரிச்சர்ட்ஸ் அதை 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் வாசித்தபோதும் நோக்கம் அதேதான். அந்த இடத்தில் பின்னால் ஊதுகருவிகள் வரும், அதற்கு ஒரு மாதிரி வாசிப்பு என்றுதான் வைத்திருந்தார். பாட்டு அப்படியே வெளியானது, அதற்குப் பிறகுதான் பெடல் பறந்தது. அதே வருஷம் ஓடிஸ் ரெடிங் அந்தப் பாட்டை நிஜமான ஊதுகருவிகளை வைத்துப் பாடினார். நல்ல பதிவுதான். ஆனால் எல்லாருக்கும் நினைவிருப்பது அந்த மாதிரி வாசிப்பு.

கோளாறில்தான் புதுமை பிறக்கிறது என்று இந்தக் கதைகளிலிருந்து முடிவு கட்டுவது வழக்கம். நான் அதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. கோளாறு எல்லா ஸ்டுடியோவிலும் எல்லா நாளும் நடக்கிறது. நாஷ்வில்லில் அபூர்வமாக நடந்தது, அதை யாரும் சரி செய்யாமல் விட்டதுதான். அதற்கும் மேலே, கோளாறு பிடித்த அந்தச் சத்தம் பாட்டுக்குள் ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. விற்பனையாகாமல் கிடந்த மூன்று வருஷமும் ஃபஸ் என்ற சத்தம் உலகத்தில் இருந்தது. அதற்கு வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

டிஸ்டார்ஷனுக்கு ஒரு கூரை உண்டு

இப்போது கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல் மட்டும்தான்.

ஆம்பால் தாங்க முடியாத அளவுக்கு சிக்னலைக் கொடுத்தால் அலையின் உச்சிகளை அது வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலையில் முன்பு இல்லாத ஹார்மோனிக்ஸ் முளைக்கும். இது ஒரு சுரத்தை வாசித்தால். இரண்டு சுரத்தைச் சேர்த்து வாசித்தால் இன்னொன்றும் நடக்கும்: இரண்டு அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் தனி ஒலிகளாகவே கேட்கும். 110 ஹெர்ட்ஸ் ஏ, ஏறக்குறைய 165 ஹெர்ட்ஸ் ஈ. கழித்தால் 55. அதுவும் ஏதான், ஆனால் ஒரு ஆக்டேவ் கீழே. சாதாரணமாக ட்யூன் செய்த கிட்டாரின் ஆகக் கனமான கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். கிட்டாரில் இல்லாத ஒரு சுரத்தை ஆம்ப் உண்டாக்கித் தருகிறது! பவர் கார்டு அவ்வளவு கனமாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதே ஏயோடு சி ஷார்ப் சேர்த்தால், அதாவது மேஜர் தேர்ட் வாசித்தால், கதை வேற. நாம் பயன்படுத்துகிற ஃபிரெட் அமைப்பில் அது 138.6 ஹெர்ட்ஸ். கழித்தால் 28.6. ஏயின் குடும்பத்தில் அங்கே இருக்க வேண்டியது 27.5. கொஞ்சம் தள்ளி விழுகிறது. மேலேயும் அப்படித்தான். ஒன்றின் ஹார்மோனிக் 550இல், மற்றதன் ஹார்மோனிக் 554இல். வினாடிக்கு நாலு தடவை சத்தம் அலைபாயும். சுத்தமான சத்தத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. டிஸ்டார்ஷன் அதைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டிவிடும். அதனால்தான் கனமான ராக் இசை தேர்டைப் பெரும்பாலும் கைவிட்டது. ஒரு டோன் வந்து, அந்த இசையின் இலக்கணத்தையே மாற்றி எழுதியிருக்கிறது.

சரி, உச்சிகளை இன்னும் இன்னும் வெட்டிக்கொண்டே போனால்? கடைசியில் சதுர அலை வரும். அதற்கு மேல் வெட்ட ஒன்றும் இல்லை. 1960களின் ஃபஸ் பெடல்களே அந்தக் கூரைக்குப் பக்கத்தில் போய்விட்டன. ஆகவே அக்கா மகன் கேட்டதில் பாதியை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிக்னலை வெட்டுகிற விதத்தில் மட்டும் புதுமை தேடினால் அந்த நிலம் ஏறக்குறைய அளந்து முடிந்தது. இன்றைக்கு வருகிற பெடல்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம், காபிப் பொடியில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று வாதாடுகிற அளவு வித்தியாசம். வாதாடலாம், சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அது காபிதான்.

அந்த வாதத்தில் நானும் இருபது வருஷம் கழித்திருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட ரெக்கார்டில் கேட்ட சத்தத்தைத் துரத்தி பெடல் வாங்கினேன், விற்றேன், மறுபடி வாங்கினேன். ஒருநாள் கிட்டத்தட்ட அதே சத்தம் வந்துவிட்டது. அந்த ரெக்கார்டில் இருக்கிற பாட்டை வாசித்தேன். அடுத்து என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. ஆம்பை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

புதுமையைப் பிழை என்று எண்ணும் இயந்திரம்

இந்த இடத்தில் அந்த லேப்டாப்புக்கு வருவோம். 1998இல் லைன் 6 கம்பெனியின் 'பாட்' வந்தது. பழைய ஆம்ப்களின் சத்தத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்கும் சிவப்பு டப்பா. 2011இல் ஜெர்மனியிலிருந்து கெம்பர் வந்தது. உங்கள் ஆம்பையே கேட்டுப் படித்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதைச் செய்த கிறிஸ்டோஃப் கெம்பர், அதற்கு முன் 'வைரஸ்' என்ற புகழ்பெற்ற சின்தசைசரை வடிவமைத்தவர். யாரும் கேட்டிராத சத்தத்துக்காக ஒரு பெட்டி செய்தவர், ஏற்கெனவே கேட்ட சத்தத்தை அச்சு அசலாகத் தரும் பெட்டியையும் செய்தார். கிட்டார்காரர்களுக்குத் தேவை இரண்டாவதுதான்.

இப்போது 'நியூரல் ஆம்ப் மாடலர்' போன்ற இலவச மென்பொருட்கள். ஒரு சோதனை ஒலியை நிஜ ஆம்ப் வழியாக அனுப்பிப் பதிவு செய்கிறோம். நியூரல் நெட்வொர்க் அதே ஒலியை வாங்கித் தானும் ஒன்றை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பிழை என்று பெயர். பிழை குறையக் குறைய அது நல்ல மாடல். இதை நினைத்துப் பாருங்கள். அந்த இயந்திரம் தானாக ஒரு புதுச் சத்தத்தை உண்டாக்கினால், அது பிழைக் கணக்கில்தான் விழும். அந்த நாஷ்வில் சேனல் இந்தத் தேர்வில் தேறியிருக்காது.

மென்பொருள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வாடகை வீட்டில், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குகிற நேரத்தில் நல்ல சத்தத்தில் பழக முடிவது பெரிய விஷயம். ஆனால் அதற்கு ஒரு விலை கொடுத்திருக்கிறோம். ஹெட்ஃபோனில் வாசிக்கும்போது ஸ்பீக்கரின் சத்தம் கம்பிக்குத் திரும்ப வருவதில்லை. ஃபீட்பேக் என்பது அந்தத் திரும்பி வருதலில்தான் பிறக்கிறது: ஸ்பீக்கர், காற்று, கம்பி, மறுபடி ஸ்பீக்கர். 1977இல் பெர்லினில் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டுக்கு ராபர்ட் ஃபிரிப் வாசித்தபோது, எந்தச் சுரத்துக்கு ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றால் அது அணையாமல் பாடும் என்று தரையில் இடம் குறித்து வைத்துக்கொண்டார். அறையே அவருக்குப் பாதி வாத்தியம். நாம் அந்த அறையை மூடிவிட்டு, அறைச் சத்தம் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறோம்.

இன்னும் எங்கே இடம் இருக்கிறது

வெட்டுகிற விதத்தில் இடம் இல்லை என்றேன். உள்ளே போவதில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் கூட்டல் கழித்தல் செய்கிற இயந்திரம் என்றால், அதற்குக் கொடுக்கும் எண்களை மாற்றினால் விடையும் மாறும்தானே?

மை பிளடி வேலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' 1991இல் வந்தது. கெவின் ஷீல்ட்ஸ் பெடல்களை அடுக்கிக் கட்டிய மதில் அது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் ஆதாரம் ரொம்ப எளிமை. டிரெமலோ கம்பியைக் கையில் பிடித்தபடியே ஸ்ட்ரம் பண்ணுகிறார். கார்டு முழுவதும் மேலும் கீழும் நழுவிக்கொண்டே இருக்கிறது. டிரெமலோ எல்லாக் கம்பியையும் ஒரே அளவில் தளர்த்தாது. ஆகவே கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் மாறிக்கொண்டே போகும், டிஸ்டார்ஷன் உண்டாக்குகிற அந்தக் கழித்தல் ஒலிகளும் கூடவே நகரும். பெட்டிகள் பழசு. உள்ளே போனது புதுசு. கையும் தெளிவாகக் கேட்கிறது.

இதற்கு எதிர்முனையில் ஒரு உதாரணம். 1970களின் இறுதியிலேயே ஆறு கம்பிக்கும் தனித்தனியாக ஃபஸ் போடும் கருவிகள் ஏ.ஆர்.பி., ரோலண்ட் கம்பெனிகளிடமிருந்து வந்துவிட்டன. தனித்தனி என்பதால் கம்பிகள் ஒன்றோடொன்று மோதாது, முழு மேஜர் கார்டையும் சிக்கல் இல்லாமல் ஃபஸ்ஸோடு வாசிக்கலாம். இயற்பியல்படி சுத்தமான புதுச் சத்தம். ஆனால் அந்தத் தனி ஃபஸ் ஒரு சின்ன வட்டத்தைத் தாண்டவில்லை. எனக்கு அது ஆர்கன் மாதிரிதான் கேட்கிறது, கம்பிகள் போடும் சண்டை அதில் இல்லை. அதே ரோலண்ட் குடும்பத்தில் 1980 வாக்கில் வந்த ஜி.ஆர்-300 கருவியை பாட் மெத்தனி எடுத்து, நீளமாக மூச்சுவிடும் மெலடிகளை வாசித்தார். 'ஆஃப்ராம்ப்' ஆல்பத்தில் இரண்டு வினாடி கேட்டாலே அவர் என்று தெரியும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றுக்குப் பாட்டு கிடைத்தது.

முதலில் பாக்கி வைத்த நிபந்தனையை இங்கே சொல்லிவிடலாம். அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அந்த இசை நிற்கக்கூடாது. ரேஜ் அகென்ஸ்ட் த மெஷின் குழுவில் ராப் பாடகர் உண்டு, டிஜே கிடையாது. அந்தக் காலி இடத்தில் டாம் மொரெல்லோ பிக்கப் சுவிட்சைத் தட்டித் தட்டி, கம்பியைத் தேய்த்து, ஸ்கிராட்ச் சத்தத்தைக் கிட்டாரிலேயே உண்டாக்கினார். 1992 ஆல்பத்தில் சாம்பிள், கீபோர்டு, சின்தசைசர் எதுவும் பயன்படுத்தவில்லை என்று அச்சடித்தே போட்டார்கள். தேவை முதலில் வந்தது, டோன் அதைத் தேடி வந்தது.

நமக்குத் தெரிந்த உதாரணமும் ஒன்று இருக்கிறது. மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ். அக்கூஸ்டிக் மாண்டலினில் மீட்டிய சத்தம் சட்டென்று அடங்கிவிடும், கமகத்துக்கு இடம் பத்தாது. அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஜோடிக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கு மாறினார். மின்சாரப் பக்கத்தில் விசேஷமாக ஒன்றும் இல்லை, சாதாரண பிக்கப், சுத்தமான ஆம்ப். ஒரே மீட்டலில் கமகத்தை இழுத்துப் போக முடிந்ததால் உலகத்தில் அதுவரை இல்லாத ஒரு சத்தம் வந்தது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், யாரும் அதிகம் நடமாடாத நிலம் சுரஅமைப்பு என்று நினைக்கிறேன். சற்று முன் பார்த்த அந்த 138.6ஐ 137.5க்கு இறக்கினால் டிஸ்டார்ஷனில் மேஜர் கார்டு அலைபாயாமல் பூட்டிக்கொள்ளும். ஃபிரெட்டை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். கிளென் பிராங்கா 1983இலேயே தன் மூன்றாம் சிம்ஃபனியை ஹார்மோனிக் வரிசையை வைத்து அமைத்தார். கிங் கிஸர்ட் குழு 2017இல் 'ஃபிளையிங் மைக்ரோடோனல் பனானா' ஆல்பத்துக்கு இடையிடையே கூடுதல் ஃபிரெட் வைத்த கிட்டார்களை வாசித்தது. இரண்டு பேரும் கதவைத் திறந்திருக்கிறார்கள், உள்ளே இன்னும் நிறைய அறைகள் இருக்கின்றன. அங்கே ஒரு புது டோன் பிறந்தாலும் சாட்டிஸ்ஃபாக்ஷன் மாதிரி ஒரே கோடையில் எல்லார் காதிலும் விழாது. கேட்கிறவர்கள் இன்று ஆயிரம் மூலைகளில் இருக்கிறார்கள். வரவில்லை என்று நாம் நினைப்பதில் கொஞ்சம், வந்தது நமக்குத் தெரியாமல் இருப்பதும்தான்.

மறுநாள் காலை பரணிலிருந்து அப்பாவின் பழைய டேப் ரெக்கார்டரை இறக்கினேன். மைக் சொருகும் ஓட்டை ஒன்று உண்டு, ஸ்பீக்கர் ஓரத்தில் கிழிசல். கிட்டாரைச் சொருகிக் கொடுத்தேன். தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கனமான கம்பியைத் தொட்டால் மூச்சு முட்டி சத்தம் செத்துப்போய், ஒரு நொடி கழித்து மெதுவாக எழுந்து வந்தது. முதலில் சிரித்தான். அப்புறம் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து வாசிக்க ஆரம்பித்தான். இரண்டே சுரம், இடைவெளி, மறுபடி இரண்டு சுரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எதையும் மாற்றவில்லை. புது டோனா? 1958இல் யாராவது கேட்டிருந்தால் பழக்கமானதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவன் வாசித்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது கேட்டான்: "மாமா, இந்த டேப் ரெக்கார்டரை அந்த சாஃப்ட்வேர்ல கேப்சர் பண்ணிக்கவா?"

பண்ணிக்கோ என்றேன். அந்தப் பட்டியலில் வருஷம் போடாத பெயர் ஒன்றாவது இருக்கட்டும்.